பால், முட்டை தொடாத பிள்ளையை யாரிடம் காட்டுவது? புதுச்சேரி, கடலூர் உணவு ஆலோசனைகள் ஒரு மதிப்பீடு

வீராம்பட்டினத்திலும் தேவனாம்பட்டினத்திலும் மீன் குழம்பு இல்லாத சோறு சோறாகவே கணக்கில் வராது. கடலூர் மாவட்டத்தின் வடலூரில் வள்ளலார் வழி நிற்பவர்கள் தலைமுறைகளாகப் புலால் தொடுவதில்லை. இப்போது ஆரோவில் பக்கத்திலும் பாண்டி டவுனிலும் பால், தயிர், நெய்கூட வேண்டாம் என்னும் வீடுகள் தெரிகின்றன. கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை, தயிர்சாதமும் இட்லியும் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளை, வலிப்புக்காகக் கொழுப்பு உணவில் இருக்கும் பிள்ளை எல்லாரும் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். இவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைப்பது இரண்டில் ஒன்று: "பால் குடுங்க, எல்லாம் சரியாயிடும்" அல்லது ஒரு டானிக். இரண்டுக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. எந்த இடம் எதற்கு உதவும், கையில் எதைக் கொண்டுபோனால் உருப்படியான பதில் வரும் என்று பார்ப்போம்.

முதல் ஐந்து நிமிடம்

மருத்துவரோ டயட்டீஷியனோ, முதலில் பிள்ளையின் எடையையும் உயரத்தையும் அளந்து வளர்ச்சி அட்டவணையில் புள்ளி வைக்கிறாரா என்று பாருங்கள். அதைச் செய்யாமல் பேசப்படும் உணவு ஆலோசனைக்கு எங்கள் கணக்கில் பாதி மதிப்பெண்தான். ஐந்து வயது வரை உலக சுகாதார நிறுவன அட்டவணை, அதற்கு மேல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டவணை. 6 மாதம் முதல் ஐந்து வயது வரை புஜச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழே போனால் சத்துக்குறைவு, 11.5க்குக் கீழே போனால் கடுமையான சத்துக்குறைவு. நாடா வைத்து அளக்க அரை நிமிடம் போதும்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. இரண்டு வயது வரை பிள்ளையைப் படுக்க வைத்து நீளம் அளப்பார்கள், அதற்குப் பிறகு நிற்க வைத்து உயரம் அளப்பார்கள். நிற்கும்போது சுமார் 0.7 செ.மீ. குறைவாகவே காட்டும். இரண்டாவது பிறந்தநாளை ஒட்டி "வளர்ச்சி நின்னுடுச்சு, இந்த உணவுதான் காரணம்" என்று யாராவது சொன்னால், முந்தைய அளவு எப்படி எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். எடைக்கும் அப்படித்தான். ஒரு தடவை செருப்பும் ஜீன்ஸும், மறு தடவை வெறும் ஜட்டி என்றால் ஒப்பிட ஒன்றுமில்லை. ஒரே தராசில், மெல்லிய உடுப்பில் எடுத்த அளவுதான் அளவு.

அங்கன்வாடியும் ஆரம்ப சுகாதார நிலையமும்

இதை "ஏழைகளுக்கானது" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. மாதந்தோறும் ஒரே தராசில், இலவசமாக, எழுதி வைத்து எடை பார்க்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது? கண்காணிப்புக்கு இதைவிட நல்லது கிடையாது. இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் இங்கேதான்: 6 மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி., அதில் 20 மி.கி. இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். வைட்டமின் ஏ ஒன்பதாவது மாதத்தில் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. பால், முட்டை, மஞ்சள் பழங்கள் சாப்பிடாத பிள்ளைக்கு இதைத் தவறவிடக் கூடாது.

இங்கே கிடைக்காதது வைட்டமின் பி12. பால், முட்டை, மீன், இறைச்சி எதுவும் இல்லாத பிள்ளைக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் போனால் ரத்தப் பரிசோதனை ஓரளவு சீராகத் தெரியும், ஆனால் பி12 குறைவால் வரும் நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் தொடரலாம். அதனால் இரும்பு மருந்தை நிறுத்தாதீர்கள், பி12ஐச் சேர்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சத்துமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதில் கோதுமை சேரும். கோதுமை ஒவ்வாத பிள்ளை என்றால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். முட்டை வேண்டாம் என்றால் பணியாளரிடம் சொன்னால் போதும். தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவது வழக்கத்தில் உள்ளது. ஆனால் வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராம் அளவுதான், பி12 சுத்தமாக இல்லை. முட்டையின் இடத்தை அது நிரப்பாது.

பெரிய ஆஸ்பத்திரி

கோரிமேடு ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, தெற்கே சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி. இவற்றின் பலம் ஒரே கூரையின் கீழ் ரத்தப் பரிசோதனையும் சிறப்பு மருத்துவரும் இருப்பது. பலவீனம் எல்லாரும் அறிந்தது. காலையில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போனால் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்தை "அவன் சரியா சாப்பிட மாட்டேங்கறான் டாக்டர்" என்று தொடங்கினால் அதோடு முடிந்தது.

ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். மூன்று நாள் உணவுக் குறிப்பு, அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. "கொஞ்சம் பருப்பு" என்று எழுதாதீர்கள். பிள்ளைக்கு வைத்த குழிக்கரண்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று மருந்து மூடியால் ஒரு முறை அளந்துகொண்டால் போதும், பிறகு கரண்டிக் கணக்கு மி.லி. கணக்காகிவிடும். தட்டில் மீந்ததைக் கழியுங்கள். பாட்டி கொடுக்கும் பால் பிஸ்கட், ஆயா வீட்டில் குடிக்கும் டீ, கோயில் பொங்கலில் உள்ள நெய் எல்லாம் எழுதுங்கள். டீயை மறைப்பவர்கள் அதிகம். சாப்பாட்டோடு குடித்தால் அது இரும்பை உள்ளே விடாது என்பதால்தான் கேட்கிறார்கள். பல்பம், மண், பச்சை அரிசி தின்கிறதா என்பதும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டியது. அது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்.

பேச்சை இப்படித் தொடங்கலாம்: "டாக்டர், பாப்பாவுக்கு நாலு வயசு. பொறந்ததுலேர்ந்து பால், முட்டை, மீன் குடுக்கறதில்ல. அதை மாத்தறதா இல்ல. இதுல என்ன குறையும், எந்த டெஸ்ட் எடுக்கணும், எதை மருந்தா குடுக்கணும்னு சொல்லுங்க. மூணு நாள் சாப்பாட்டை எழுதிட்டு வந்திருக்கோம்." மாற்றப்போவதில்லை என்பதை முதலிலேயே மரியாதையோடு சொல்லிவிட்டால் வாதத்துக்கு நேரம் போகாது. அதே நேரம், மருத்துவர் "இந்த ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக்குடுங்க" என்று காரணத்தோடு சொன்னால் கேட்கவும் தயாராக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் போதாத கைக்குழந்தைக்குப் பாதாம் பாலும் தேங்காய்ப் பாலும் கொடுப்பேன் என்று நிற்பது கொள்கை ஆகாது, ஆபத்து. ஒரு வயது வரை தாய்ப்பால், இல்லையென்றால் மருத்துவர் சொல்லும் பால் மாவு. பசும்பால் வேண்டாம் என்பவர்களுக்குச் சோயா அடிப்படையிலான பால் மாவு உண்டு, கேட்டு வாங்குங்கள். கழுதைப் பால் ஒரு சங்கு கொடுத்தால் நல்லது என்பார்கள். காய்ச்சாத பால் எதுவும் கைக்குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது.

தாளில் என்ன தெரிய வேண்டும்

நல்ல ஆலோசகர் உங்கள் தாளை வைத்து உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பார். அது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. 4 முதல் 6 வயதுக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை நாளொன்றுக்குப் புரதம் 16 கிராம், கால்சியம் 550 மி.கி., இரும்பு 11 மி.கி. பால், முட்டை இல்லாத ஒரு நாளில் பிள்ளை 100 கிராம் அரிசி, 30 கிராம் துவரம் பருப்பு, 20 கிராம் வேர்க்கடலை சாப்பிட்டால் புரதம் முறையே சுமார் 8, 6.5, 5 கிராம். பதினாறைத் தாண்டியாயிற்று. "புரதம் பத்தாது" என்று புரதப் பவுடர் டப்பா எழுதித் தரும் இடத்தை இந்தக் கூட்டலிலேயே எடை போட்டுவிடலாம்.

கால்சியம் அப்படி இல்லை. கேழ்வரகு 40 கிராமில் 145 மி.கி. அளவு, எள் 10 கிராமில் 120க்குக் குறையாமல், முருங்கைக்கீரை 25 கிராமில் 80 அளவு, பருப்பிலிருந்து 40. கூட்டினால் 385 தான் வரும். மீதி 165 எங்கிருந்து? கால்சியம் சேர்த்த சோயா பால் 150 மி.லி. கொடுத்தால் ஏறக்குறைய சரியாகும், ஆனால் எல்லாச் சோயா பாலிலும் கால்சியம் சேர்ப்பதில்லை. அட்டையில் 100 மி.லி.க்கு 120 மி.கி. அளவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்த கால்சியம் அடியில் தங்கும், குலுக்காமல் ஊற்றினால் கடைசி டம்ளருக்குத்தான் எல்லாம் போகும். பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு, தேங்காய்ப் பாலில் கால்சியமே இல்லையென்று வைத்துக்கொள்ளலாம். பசலையைக் கால்சியத்துக்காகக் கொடுப்பதில் பொருளில்லை, அதிலுள்ள ஆக்சலேட் அதை உறிஞ்ச விடாது.

இரும்புக்கு, கேழ்வரகையும் பயறையும் ஊற வைத்து முளைகட்டினால் உள்ளிருந்து இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் குறைந்து இரும்பு கூடுதலாகச் சேரும். சோறு பிசைந்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிவது, பக்கத்தில் நெல்லிக்காயோ கொய்யாவோ வைப்பது, எந்த டானிக்கையும்விட மலிவு.

இந்துப்புக்கு மாறிய வீடுகள் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாலும் மீனும் இல்லாத பிள்ளைக்கு அயோடின் வரும் முக்கிய வழி அயோடின் உப்புதான். உப்பையும் மாற்றிவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

இயற்கை உணவு என்று பச்சைக் காய், பழம், தண்ணீர்க் கஞ்சி மட்டும் கொடுப்பவர்களுக்கு: சத்து இல்லாததைவிட இடம் இல்லாததுதான் சிக்கல். பத்து கிலோ பிள்ளையின் வயிற்றில் ஒரு வேளைக்குச் சுமார் 300 மி.லி. தான் பிடிக்கும். நீர்த்த கஞ்சியில் அதை நிரப்பினால் வயிறு நிறையும், எடை ஏறாது. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பதம், அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய். அந்த ஒரு தேக்கரண்டியிலேயே 45 கலோரி இருக்கிறது.

பி12: இதில் மட்டும் பேரம் கிடையாது

இட்லி மாவு புளிக்கிறது, பழைய சோற்றில் பி12 வரும், சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கிறது என்பார்கள். நம்பக்கூடிய அளவில் எதிலும் இல்லை. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். பால், முட்டை இல்லாத பிள்ளைக்கு மருந்தாகத்தான் கொடுக்க வேண்டும், பாலூட்டும் தாயும் அதே உணவில் இருந்தால் அவரும் எடுத்தாக வேண்டும். ஒரு தடவையில் குடல் தேர்ந்தெடுத்து உறிஞ்சுவது இரண்டு மைக்ரோகிராமுக்குள்தான். அதனால்தான் தினமும் சிறிய அளவு, இல்லையென்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பெரிய அளவு என்று எழுதுவார்கள். எது என்று மருத்துவர் சொல்லட்டும். சில மல்டிவைட்டமின் சொட்டு மருந்துகளில் பி12 இருக்காது. பாட்டிலில் பி12இன் பெயரான "கோபாலமின்" என்ற சொல்லையும் அதற்கு எதிரே மைக்ரோகிராம் எண்ணையும் தேடுங்கள்.

கைக்குழந்தை மந்தமாக இருப்பது, விரல் முட்டிகள் கறுப்பது, முடி வெளுத்துச் சன்னமாவது, உட்கார்ந்த பிள்ளை உட்கார மறப்பது, கை நடுங்குவது என்றால் டயட்டீஷியனுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடுமையான குறைவில் ஊசி தொடங்கியபின் நடுக்கம் கூடுவதும் பொட்டாசியம் இறங்குவதும் உண்டு, அதனால் உள்நோயாளியாக வைத்துத்தான் சரிசெய்வார்கள்.

பரிசோதனைக் கூடங்கள்

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் சேவை வசதிதான், எல்லாப் பரிசோதனைக்கும் பொருந்தாது. பி12 குறைவை உறுதி செய்ய ஹோமோசிஸ்டீன் என்ற ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால், ரத்தத்தைக் குளிரில் வைத்து விரைவில் பிரித்தெடுக்க வேண்டும். கடலூர் வெயிலில் பைக் பெட்டியில் இரண்டு மணி நேரம் ஊர் சுற்றிய ரத்தத்தில் அது பொய்யாக ஏறித் தெரியும். கூடத்துக்கே போய்க் கொடுங்கள். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு) காய்ச்சல், சளி நேரத்தில் உயர்ந்து காட்டும். ஐந்து வயதுக்குள் 12க்குக் கீழே என்பது இரும்புக் கையிருப்பு தீர்ந்ததன் அடையாளம், ஆனால் தொற்று இருக்கும்போது 30க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். பி12 டானிக் தொடங்கிய பிறகு பி12 அளவு பார்த்து "நார்மல்" என்று திருப்திப்படுவதும் வீண். முதலில் ரத்தம், பிறகு மருந்து.

கோதுமை விஷயத்தில் இந்த வரிசை இன்னும் முக்கியம். சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பழுதாகும் நோய்) சந்தேகம் என்றால் பரிசோதனைக்கு முன்பு கோதுமையை நிறுத்தவே கூடாது. நிறுத்திவிட்டு எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரும். நம் பக்கத்தில் பிள்ளைகள் சோறும் இட்லியுமாகச் சாப்பிடுவதால் ஏற்கனவே கோதுமை குறைவு, அதனால் சில வாரங்கள் தினமும் சப்பாத்தியோ ரவை உப்புமாவோ கொடுத்துவிட்டுப் பரிசோதிக்கச் சொல்வார்கள். கூடவே ரத்தத்தில் மொத்த ஐஜிஏ (ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) அளவும் பார்க்க வேண்டும். நோய் உறுதியான பிறகு "கோதுமை நிறுத்திட்டோம், சாம்பார் சாதம்தான்" என்பவர்கள் கூட்டுப் பெருங்காயத்தை மறந்துவிடுவார்கள். அதில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். தெரு மாவு மில்லில் கோதுமைக்குப் பின் அரைத்த அரிசி மாவும் ஆகாது. இதையெல்லாம் கேட்காமல் "குளூட்டன் ஃப்ரீ" பட்டியல் தரும் டயட்டீஷியன் வேறு ஊர்ப் பட்டியலை அச்சடித்துத் தருகிறார் என்று அர்த்தம்.

நூறு உணவுக்கு ஒவ்வாமை பார்க்கிறோம் என்னும் ஐஜிஜி (இன்னொரு எதிர்ப்புப் புரதம்) ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு, முடியை அனுப்பிச் சத்து அறிவது: இரண்டுக்கும் எங்கள் மதிப்பெண் பூஜ்யம். ஐஜிஜி அந்த உணவைச் சாப்பிட்டதைத்தான் காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது. அந்தத் தாளை நம்பி முப்பது உணவை நிறுத்தி எடை குறைவதுதான் அதில் நடக்கும் தவறு. பால் ஒவ்வாமை என்றால் மருத்துவர் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தி, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பார். திரும்பக் கொடுக்கும் கட்டத்தைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், பிள்ளை தேவையில்லாமல் வருடக்கணக்கில் பாலின்றி இருக்கிறது. முன்பு மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்த பிள்ளைக்கு அதை வீட்டில் செய்யக் கூடாது. லாக்டோஸ் நீக்கிய பால் ஒவ்வாமைக்குத் தீர்வல்ல, ஆட்டுப்பாலும் அல்ல. ஒவ்வாத புரதம் இரண்டிலும் இருக்கிறது.

தனியார் கிளினிக்கும் டயட்டீஷியனும்

மாலை நேரக் குழந்தை மருத்துவர் கிளினிக்கின் மதிப்பு, தடுப்பூசி அட்டையிலிருந்து எல்லாம் தெரிந்த ஒரே மருத்துவர் என்பதில் இருக்கிறது. வைட்டமின் டி எழுதினால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: 1 மி.லி.யில் 400 யூனிட்டா, 800 யூனிட்டா? இரண்டும் கடையில் உண்டு, மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். 60,000 யூனிட் பாக்கெட்டை வாரத்துக்கு ஒன்று என்பதற்குப் பதில் தினம் ஒன்று கொடுத்துவிடுவது அதைவிட மோசம். விலங்குப் பொருளே ஆகாது என்பவர்கள் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவதையும், கேப்ஸ்யூல் ஓடு ஜெலட்டின் என்பதையும் முன்கூட்டியே சொன்னால் டி2வாகவோ திரவமாகவோ எழுதித் தருவார்கள்.

"நியூட்ரிஷனிஸ்ட்" என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்வதுதான் இன்றைய நிலை. இந்திய டயட்டெட்டிக் சங்கத்தின் பதிவுத் தேர்வு முடித்த "ஆர்.டி." உண்டா, குழந்தைகளைப் பார்த்த அனுபவம் உண்டா என்று போனிலேயே கேளுங்கள். கொடுத்த காசுக்குத் தகுந்த டயட்டீஷியன் "கீரை சேருங்க" என்று சொல்ல மாட்டார், "சமைக்காத முருங்கைக்கீரை 25 கிராம், வாரம் நாலு நாள், அடை மாவில்" என்று எழுதுவார். தன் பெயரிலேயே பவுடர் விற்றால் எழுந்து வந்துவிடலாம்.

வெள்ளை உணவு மட்டுமே சாப்பிடும், இருபது உணவுகூடத் தேறாத பிள்ளைக்கு டயட்டீஷியன் மட்டும் போதாது. வாய் உணர்வு, நடத்தை பார்க்கும் தெரபிஸ்ட் வேண்டும். ஆர்.பி.எஸ்.கே. என்னும் அரசின் குழந்தை நலத் திட்டத்தில் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள், கட்டணம் இல்லை. தட்டில் பழகிய உணவு இரண்டு, புதியது ஒரு தேக்கரண்டி, வற்புறுத்தல் கிடையாது என்ற முறை மெதுவானது. பத்துப் பதினைந்து முறை வைத்த பிறகே ஒரு பிள்ளை தொடலாம். இதற்கு நேர் எதிரானதும் உண்டு: நாளைக்கு ஒரு லிட்டர் பால் மட்டும் குடிக்கும் பிள்ளை. அரை லிட்டருக்கு மேல் போனால் பசியும் போகும், இரும்பும் போகும்.

வலிப்புக்கான கீட்டோ உணவை வீடியோ பார்த்து வீட்டில் தொடங்கக் கூடாது. கொழுப்பு நான்கு பங்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு பங்கு என்று தராசில் நிறுக்கும் சிகிச்சை அது. சில பரம்பரை வளர்சிதைக் கோளாறுகளை முதலில் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். அந்தப் பிள்ளைக்குச் சளி என்று போகும் கிளினிக்கிலும் "கீட்டோவில் இருக்கு, சர்க்கரை இல்லாத மருந்தா குடுங்க" என்று சொல்ல வேண்டும், இனிப்பு சிரப் போதும் உள்ளே நடப்பதைக் கலைக்க.

ஆன்லைன் ஆலோசனை மறுபார்வைக்குச் சரி. முதல் தடவைக்கு ஆகாது. விரல் முட்டியின் நிறத்தையும் நகத்தின் வெளுப்பையும் போன் கேமரா காட்டாது, வீட்டுத் தராசை யாரும் நம்பவும் முடியாது.

மறுபடி போகும்போது

மூன்று மாதத்தில் திரும்பக் காட்டுங்கள், ஒரு வயதுக்குள் என்றால் மாதாமாதம். புதுச்சேரியில் எடுத்த ரிப்போர்ட் கடலூர் மருத்துவமனைக் கணினியில் தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள், எல்லையைத் தாண்டிக் காட்டுபவர்கள் காகிதக் கோப்பைக் கையில் வைத்திருங்கள். சீட்டோடு டானிக் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். முக்கால்வாசி மீந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். மருந்து பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டுவதா, பிள்ளை துப்பிவிட்டது என்று வேறு சுவையில் எழுதுவதா என்பதை மருத்துவர் அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.